ஓடும் வீட்டின் பராமரிப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நான்கு சக்கர இயக்கமுள்ள, உள்ளேயே தங்கி உறங்கும் வசதி கொண்ட கேம்பர் வேன்களைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வண்டியில் புதிதாக எதைப் பொருத்தலாம் என்று கேட்கின்றன. இருப்பதை எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டவர்கள் சிலரே. நடுவழியில் நின்றுபோன வண்டிகளை நான் பார்த்தவரையில், பழையதைக் கவனிக்காமல் அதன்மேல் புதியதை ஏற்றியதால் நின்றவையே அதிகம். அந்த எண்ணத்தோடுதான் இந்தப் பதில்களை எழுதுகிறேன்.

கேள்வி: பதினைந்து ஆண்டுகள் ஓடிய நான்கு சக்கர இயக்க வேன் ஒன்றை வாங்கியிருக்கிறோம். கட்டில், அலமாரி, சமையல் மேடை ஆகியவற்றை முன்பு வைத்திருந்தவரே செய்திருக்கிறார். குடும்பத்தில் நால்வர். கூரைக் கூடாரம், புதைந்த வண்டியை இழுத்தெடுக்க வின்ச், உயரமான சஸ்பென்ஷன், சோலார் பேனல் என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறோம். எதில் தொடங்கலாம், ஐயா?

பட்டியலை எடுத்து வைத்துவிட்டு, முதலில் வண்டியை எடை மேடைக்குக் கொண்டு செல்லுங்கள். டீசல் தொட்டியை நிரப்பிக்கொண்டு, முன் அச்சை மட்டும் ஒருமுறை, பின் அச்சை மட்டும் ஒருமுறை, முழு வண்டியையும் ஒருமுறை என மூன்று தடவை எடை பாருங்கள். கதவுச் சட்டத்திலோ எஞ்சின் அறையிலோ உள்ள தகட்டில், வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையும் ஒவ்வோர் அச்சுக்கும் உரிய எடையும் பொறிக்கப்பட்டிருக்கும். தகட்டிலுள்ள எடைக்கும் மேடையில் பார்த்த எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்கு மிச்சமிருக்கும் இடம். அது நீங்கள் நினைப்பதைவிடச் சிறியதாகவே இருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். அனுமதிக்கப்பட்ட எடை 3,000 கிலோ என்றும், கட்டில், அலமாரி, டீசல் உட்பட உங்கள் வண்டி 2,560 கிலோ இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். மிச்சம் 440 கிலோ. நால்வர் ஏறியதும் 240 போய்விடும். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ என்பதால், 80 லிட்டர் தொட்டி இன்னொரு 80 கிலோவை எடுத்துக்கொள்ளும். மீதமுள்ள 120 கிலோவில் கூரைக் கூடாரத்துக்கும் அதைத் தாங்கும் சட்டத்துக்கும் 85 போனால் 35 கிலோதான் நிற்கிறது. வின்சும் அதற்கான இரும்புப் பம்பரும் சேர்ந்து எளிதில் 90 கிலோவைத் தொடும். உடை, பாத்திரம், கருவிப்பெட்டி எதையும் ஏற்றுவதற்கு முன்பே, வண்டி 55 கிலோ கூடுதலாகச் சுமக்கிறது. இந்தச் சுமையின் விளைவு பிரேக்கிலும், டயரிலும், வளைவுகளில் வண்டி சாய்கிற சாய்விலும் தெரியும். பம்பர் முன் அச்சுக்கும் முன்னால் தொங்குவதால், நெம்புகோலைப் போலச் செயல்பட்டு, தன் எடையைவிட அதிகமாகவே முன் அச்சை அழுத்தும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எடை தெரிந்த பிறகு, சர்வீஸ் வரலாறு கையில் இல்லாத வண்டியை எதுவுமே செய்யப்படாத வண்டியாகக் கருதி, எல்லாத் திரவங்களையும் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. டாட் 4 வகை, புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய நிலையில் அதற்கு விதிக்கப்பட்டுள்ள குறைந்தபட்ச அளவு 155 டிகிரிதான். முழுச் சுமையோடு நீண்ட மலை இறக்கத்தில் இறங்கும்போது, பிரேக் சூடேறி அந்த அளவை எட்டிவிட்டால், ஆயிலில் ஆவிக் குமிழ்கள் உண்டாகி, மிதி தரையைத் தொடும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு, உங்கள் பட்டியலிலுள்ள எந்தப் பொருளோடும் ஒப்பிட முடியாத அளவுக்குச் சிறியது. கூலண்ட், ரேடியேட்டர் ஹோஸ்கள், டீசல் ஃபில்டர் ஆகியவற்றையும் இதோடு முடித்துக்கொள்ளுங்கள். எஞ்சினில் டைமிங் பெல்ட் இருந்து, அது எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால், அதை மாற்றாமல் நெடும்பயணம் புறப்படாதீர்கள். பெல்ட் கிலோமீட்டரால் மட்டுமல்லாமல் வயதாலும் கெடும். அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும்.

இவ்வளவும் முடித்து, அந்த வண்டியில் நான்கைந்து இரவுகள் தங்கிப் பார்த்த பிறகு, உங்கள் பட்டியலை மறுபடி எடுங்கள். அதில் பாதி தானாகவே அடிபட்டுப் போயிருக்கும் என்பது என் அனுபவம்.

கேள்வி: ஃபோர் வீலில் போட்டே ஓட்டினால் பிடிப்பு கூடும் என்கிறார் நண்பர். தேவையில்லாமல் ஃபோர் வீல் கம்பியைத் தொடவே கூடாது என்கிறார் மெக்கானிக். யார் சொல்வது சரி?

உங்கள் வண்டியில் எந்த வகை அமைப்பு இருக்கிறது என்று தெரியாமல் இருவரில் யாருக்கும் தீர்ப்பு சொல்ல முடியாது.

தேவைப்படும்போது மட்டும் முன் சக்கரங்களை இணைக்கும் பழைய முறையில், எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டிவிடுகிறது. வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட பாதையில் செல்ல வேண்டியிருப்பதால், இந்தப் பூட்டு இரண்டுக்கும் இடையில் இழுபறியை உண்டாக்கும். மணலிலும் சேற்றிலும் ஏதாவது ஒரு சக்கரம் சற்று வழுக்கி அந்த இழுவிசையைக் கழித்துவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாததால், அது ஷாஃப்டுகளிலும் பல்சக்கரங்களிலும் முறுக்காகச் சேர்ந்துகொண்டே போகும். கம்பியை விடுவிக்க முயன்றும் அது நகர மறுத்தால், உள்ளே முறுக்கு ஏறியிருக்கிறது என்று பொருள்; பலவந்தமாக இழுக்காமல், வண்டியைச் சில மீட்டர் நேராகப் பின்னால் ஓட்டுங்கள், தானே விடுபடும். வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் தரும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியல், முன் பின் அச்சுகளில் மட்டுமன்றி நடுவிலும் ஒன்று உள்ள வண்டிகளில் இந்தச் சிக்கல் இல்லை. 1994-ல் வந்த மிட்சுபிஷி டெலிகா ஸ்பேஸ் கியரின் சூப்பர் செலக்ட் அமைப்பில், நடு டிஃபரன்ஷியலைப் பூட்டாத வரையில், நான்கு சக்கர இயக்கத்தில் தார்ச்சாலையிலும் ஓடலாம்.

ஆனால், "தொடவே கூடாது" என்பதை என்னால் ஏற்க முடியாது. மாதம் ஒருமுறையாவது தளர்வான மண் பாதையில் இரண்டு மூன்று கிலோமீட்டர் முன் சக்கர இணைப்பைப் போட்டு ஓட்டுங்கள். மெதுவாக, கூடுதல் இழுவையோடு ஓட்டுவதற்கான லோ ரேஞ்சையும், டிஃபரன்ஷியலைப் பூட்டும் லாக் இருந்தால் அதையும் ஒருமுறை இயக்கிப் பாருங்கள். ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடந்த இணைப்புகள் துருவேறி இறுகிப்போயிருப்பது, சேற்றில் புதைந்த அன்றுதான் தெரியவரும்.

அடுத்தது எண்ணெய். டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், பின் டிஃபரன்ஷியல், கியர் பாக்ஸ் ஆகிய நான்கும் தனித்தனி எண்ணெய்கள் கொண்டவை. எந்தக் கிரேடு என்பதை வண்டியின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். டிஃபரன்ஷியலுக்குரிய ஜிஎல்-5 எண்ணெயில் கந்தகச் சேர்க்கைகள் அதிகம். ஜிஎல்-4 கேட்கும் பழைய கியர் பாக்ஸில் அதை ஊற்றினால், கியர்களை இசைவாக இணைக்கும் பித்தளைச் சிங்க்ரோனைசர் வளையங்கள் அரிக்கப்படலாம். எண்ணெயை வடிப்பதற்கு முன்னால் மேலுள்ள ஃபில்லர் பிளக் கழலுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். கீழே வடித்துவிட்ட பிறகு மேலே கழற்ற முடியாமல், எண்ணெய் இல்லாத வண்டியை நிறுத்திவைத்துத் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

என் வண்டியிலேயே நேர்ந்ததையும் சொல்கிறேன். மலைச்சாலையில் பல மணி நேரம் ஓட்டிய சூட்டோடு, முழங்கால் ஆழ ஓடை ஒன்றில் இறங்கிக் கடந்தேன். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் கழித்துப் பின் டிஃபரன்ஷியலின் டிரெயின் பிளக்கைத் தளர்த்தியபோது, முதலில் சொட்டியது எண்ணெயே இல்லை, தெளிந்த தண்ணீர். அதன் பின்னால், தேன் நிறத்தில் வர வேண்டிய எண்ணெய், பால் கலந்ததைப் போல வெளுத்துத் தடித்து வழிந்தது. பிளக்கின் காந்த முனையில் சாம்பல் நிறக் குழம்பாக நுண்துகள் ஒட்டியிருப்பது வழக்கம்தான். அன்று அதன் நடுவில் செந்நிறத் துருப்பொடியும் இருந்தது. சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரில் மூழ்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சப் பார்க்கும். அதன் மூச்சுக்குழலான பிரீதர், அச்சின் மேலேயே குட்டையாக இருந்ததால், காற்றுக்குப் பதிலாக ஓடை நீரையே உறிஞ்சியிருக்கிறது. அந்தப் பிரீதரில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி எஞ்சின் அறையின் மேல்பகுதி வரை கொண்டுபோய்க் கட்டுவது அரைநாள் வேலை. மேம்படுத்தல் என்று நான் எவருக்கும் தயங்காமல் பரிந்துரைப்பது இந்த ஒன்றைத்தான். நீரைக் கடப்பதற்கு முன் வண்டியைச் சற்று ஆறவிடுவதும் நல்லது.

கேள்வி: நான்கு டயர்களில் பின்னால் உள்ள இரண்டு மட்டும் தேய்ந்திருக்கின்றன. அவற்றை மட்டும் மாற்றினால் போதுமா? மாற்றும்போது அளவைச் சற்றுப் பெரிதாக்கலாமா?

எல்லா நேரமும் நான்கு சக்கரங்களும் இணைந்து இயங்கும் வண்டியாக இருந்தால் போதாது. புதிய டயருக்கும் பழைய டயருக்கும் இடையில் ட்ரெட் எனப்படும் மேல்பள்ளங்களின் ஆழம் 5 மில்லிமீட்டர் வேறுபட்டால், 35 சென்டிமீட்டர் ஆரமுள்ள சக்கரத்தில், கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆறேழு சுற்றுகள் கூடுதலாகவோ குறைவாகவோ வரும். அந்த வித்தியாசம் முழுவதையும் நடுவிலுள்ள இணைப்புதான் ஓயாமல் விழுங்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரிலுள்ள ஸ்டெயர்-டைம்லர்-புக் நிறுவனத்தோடு சேர்ந்து 1985 முதல் தயாரித்த சிங்க்ரோ வேன்களில், சிலிகான் திரவம் நிறைந்த விஸ்கஸ் கப்ளிங் ஒன்று இந்த வேலையைச் செய்தது. அதை உடைய வண்டிகளில் டயர்கள் நான்கும் ஒத்திருக்க வேண்டும் என்பதை அவற்றை வைத்திருப்பவர்கள் மிகவும் கண்டிப்பாகப் பின்பற்றுகிறார்கள். வயதான கப்ளிங் இறுகிவிட்டதா என்று அறிய, காய்ந்த கெட்டித் தரையில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக வட்டமிடுங்கள். பிரேக் பிடித்தாற்போல வண்டி தயங்கினால், கப்ளிங்கைச் சோதிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. தேவைக்கேற்ப இணைக்கும் பழைய முறை வண்டியென்றால், இரண்டை மட்டும் மாற்றி, முன் சக்கர இணைப்பை அளவோடு பயன்படுத்தலாம்.

இனிமேல், ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து டயர்களையும் 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை இடம் மாற்றிவந்தால், ஐந்தும் ஒரே சீராகத் தேயும். பயன்படாமலே தொங்கும் ஸ்டெப்னி வெயிலில் வெடித்துப் பயனற்றுப் போவதும் தவிர்க்கப்படும். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்கங்கள் டயரின் பிறந்த தேதி. 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம்.

அளவைப் பெரிதாக்குவதை நான் ஆதரிப்பதில்லை. விட்டம் 5 சதவீதம் கூடினால், மீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் அதைவிட ஏறக்குறைய 5 சதவீதம் கூடியிருக்கும்; கியர் விகிதம் உயர்ந்து, மலையேற்றத்தில் எஞ்சின் திணறும்; நிறுத்துவதற்குப் பிரேக் கூடுதலாக உழைக்கும். அந்தப் பணத்தில், தாங்கும் எடையைக் குறிக்கும் சுமை எண் சரியாக உள்ள நல்ல டயர்களையும், ஒரு தரமான காற்று கம்ப்ரஸரையும், அழுத்தமானியையும் வாங்குங்கள். மணலில் புதைந்த வண்டிக்கு முதல் மருந்து காற்றைக் குறைப்பதுதான். 40 பிஎஸ்ஐ உள்ள டயரை 20 அளவுக்கு இறக்கினால், தரையைத் தொடும் பரப்பு முக்கியமாக நீளவாக்கில் கூடி, வண்டி மணலின் மேல் மிதந்து செல்லும். கெட்டியான சாலைக்கு வந்ததும் மறுபடி ஏற்றிவிட வேண்டும். குறைந்த காற்றோடு வேகமாக ஓடினால் பக்கச்சுவர் சூடேறிக் கிழிந்துவிடும்.

கேள்வி: புது பேட்டரி போட்டும் இரவில் குளிர்சாதனப் பெட்டி நின்றுவிடுகிறது. பேட்டரியில் 12.3 வோல்ட் இருப்பதாக மீட்டர் சொல்கிறது. லித்தியத்துக்கு மாறினால் சரியாகிவிடுமா?

மாறுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும்போது, பேட்டரியின் முனையில் அல்லாமல், பெட்டியின் பிளக் முனையில் வோல்டேஜை அளந்து பாருங்கள். அங்கே 11.6 அல்லது அதற்கும் கீழே இருக்கும் என்றே நினைக்கிறேன்.

காரணம் ஒயர். பேட்டரி முன்னாலும் பெட்டி பின்னாலும் இருந்து, இடையில் 5 மீட்டர் தூரம் என்றால், மின்சாரம் போய்த் திரும்ப வேண்டிய செம்பின் நீளம் 10 மீட்டர். 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் 5 ஆம்பியர் செல்லும்போது, வழியிலேயே 0.58 வோல்ட் இழக்கப்படுகிறது. வீட்டு மின்சாரத்தில் அரை வோல்ட் பொருட்டே இல்லை. 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 5 சதவீதம். பேட்டரியைக் காக்கும் பொருட்டு, குறிப்பிட்ட வோல்டேஜுக்குக் கீழே நின்றுவிடும்படிப் பெட்டி அமைக்கப்பட்டிருப்பதால், அது தன் கடமையைச் செய்து நின்றுவிடுகிறது. அதே தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் இழப்பு 0.15 வோல்ட்டாகக் குறையும். பேட்டரியிலிருந்து நேரடியாக, தனி ஃபியூஸோடு, இந்தத் தடிமனில் ஒயர் இழுத்துக்கொடுங்கள். ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும்; ஃபியூஸ் இருப்பது ஒயரைக் காப்பதற்கு என்பதால், அது மறுமுனையில் இருந்து பயனில்லை.

லித்தியம் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெட்டி ஓடும்போது 45 வாட் எடுத்து, நாளில் பாதி நேரம் ஓடுவதாகக் கொண்டால், ஒரு நாளைக்கு 540 வாட் மணி, அதாவது சுமார் 45 ஆம்பியர் மணி. விளக்கு, தண்ணீர் மோட்டார், போன் சார்ஜ் எல்லாம் சேர்த்து 60 என்று வையுங்கள். 100 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பேட்டரியை, அதன் ஆயுளைக் கருதி, பாதிக்குக் கீழே இறக்கக்கூடாது என்பதால், அது ஒரு நாளைக்கே போதாது. அதே அளவுள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 80 முதல் 90 சதவீதம் வரை எடுக்கலாம். எடையும் 30 கிலோவுக்குப் பதிலாக 12, 13 கிலோதான். எடைக்காகவே அதை விரும்புகிறேன். ஆனால் அதை, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரோடு ஒரு ரிலே வழியாக நேரடியாக இணைக்காதீர்கள். உள்தடை மிகக் குறைவான அந்தப் பேட்டரி, கொடுக்கும் மின்னோட்டம் முழுவதையும் விழுங்கும். ஆல்டர்னேட்டர் நீண்ட நேரம் முழு அளவில் ஓடிச் சூடாகிக் கருகும். இடையில், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் அவசியம். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அந்த பேட்டரியைச் சார்ஜ் செய்யவும் கூடாது. வோல்டேஜைப் பார்த்து அதன் இருப்பை ஊகிக்க முடியாது என்பதால், போய்வரும் மின்னோட்டத்தை அளக்கும் ஷண்ட் பொருத்திய மானிட்டரும் வேண்டும்.

சோலார் பற்றியும் இருவர் கேட்டிருக்கிறார்கள். கூரையில் படுக்கையாகப் பதித்த 200 வாட் பேனல், நல்ல வெயில் நாளில், அந்தப் பெட்டியின் தேவையைச் சமாளிக்கும். மர நிழலில் நிறுத்தினால், ஒரு கிளையின் நிழல் பேனலின் குறுக்கே விழுந்தாலே உற்பத்தி பெருமளவு சரிந்துவிடும். மனிதருக்கு நிழலும் பேனலுக்கு வெயிலும் வேண்டியிருப்பதால், நான் நீண்ட ஒயரோடு கழற்றி வைக்கக்கூடிய பேனலைத்தான் வைத்திருக்கிறேன்.

கேள்வி: கூரை ஜன்னல் ஓரத்தில் கசிகிறது. சிலிகான் அடித்துவிடலாமா?

வேண்டாம். சிலிகான் ஒட்டிய இடத்தில் பிறகு வேறு எந்தப் பசையும், பெயின்டும் ஒட்டாது. ஜன்னலைக் கழற்றி, பழையதைச் சுரண்டி எடுத்து, உலர்த்தி, பியூட்டைல் என்ற ஒட்டும் ரப்பர்ப் பட்டை வைத்துப் பொருத்துங்கள். திருகுத் துளைகளின் விளிம்பில் துரு இருந்தால் முதலில் அதற்கு மருந்திடுங்கள்.

கேள்வி: கசிவு எதுவும் இல்லை. ஆனாலும் குளிர்ந்த இடங்களில் காலையில் எழும்போது கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. சுவர்களுக்கு மெத்தென்ற பஞ்சு அடைத்திருக்கிறோம்.

சொட்டுவது உங்கள் மூச்சுதான். உறங்கும் ஒருவர் ஓர் இரவில் ஒரு குவளை அளவு நீரை ஆவியாக வெளிவிடுகிறார். இருவர், மூவர் என்றால், அதற்கேற்ற நீர் அந்தச் சிறிய அறையின் காற்றில் சேர்ந்து, குளிர்ந்த இரும்பில் படிகிறது. குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் மூடுவதால்தான் இது மோசமாகிறது. கீழே ஒரு திறப்பும் மேலே ஒரு திறப்பும் சிறிதளவாவது இருந்தால், ஈரக்காற்று மேலே வெளியேறும். கூரை விசிறி இருந்தால் மிகக் குறைந்த வேகத்தில் ஓடவிடுங்கள். சமைக்கும்போதும் அப்படியே.

பஞ்சைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் எந்தப் பொருளும், பலகைக்குப் பின்னால், தகட்டை உள்ளிருந்து அரிக்கும். ஒரு பலகையை மட்டும் கழற்றி, அடிப்பகுதியில் கைவிட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால், எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, நீரை உறிஞ்சாத, நுண்துளைகள் மூடிய நுரைத் தகடுகளைத் தகட்டோடு இடைவெளியின்றி ஒட்டுங்கள். கதவுகளின் அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபட்டிருக்கின்றனவா என்றும் ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். கூரை உயரும் வகை வண்டியென்றால், நனைந்த துணியோடு மூட நேர்ந்த நாளில், அடுத்து நின்ற இடத்திலேயே திறந்து காயவிடுங்கள்.

கேள்வி: இரண்டு சிறு குழந்தைகளோடு பயணிக்கிறோம். வண்டிக்குள் எரிவாயு அடுப்பும், டீசல் ஹீட்டரும் இருக்கின்றன. பயப்பட வேண்டுமா?

பயம் தேவையில்லை, ஆனால் இந்த ஒன்றில் மட்டும் எந்தச் சிக்கனமும் கூடாது. எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் தேங்கும். ஆகவே சிலிண்டர் அறை, வசிக்கும் பகுதியிலிருந்து முற்றிலும் அடைக்கப்பட்டு, அதன் தரையில் வெளியே திறக்கும் துளையோடு இருக்க வேண்டும். அந்தத் துளையைப் பொருள்கள் மூடிவிடக்கூடாது. ரப்பர் குழாயில் அச்சிட்டுள்ள தேதியைப் பாருங்கள். குலுங்கி ஓடும் வண்டியில், இணைப்புகளைச் சோப்புநீர் தடவிப் பயணத்துக்குப் பயணம் சோதியுங்கள். ஓடும்போது சிலிண்டரின் வால்வு மூடியிருக்கட்டும்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. அடுப்பை ஒருபோதும் அறையைச் சூடாக்கப் பயன்படுத்தாதீர்கள். ஹீட்டர் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்து, புகையை வெளியிலேயே விட வேண்டும்; வண்டியின் அடியில் செல்லும் அந்தப் புகைக்குழாய் கல்லில் அடிபட்டு விரிசல் விட்டிருக்கிறதா என்று கரடுமுரடான ஒவ்வொரு பாதைக்குப் பிறகும் குனிந்து பார்க்க வேண்டும். பயண வண்டிகளுக்கான இஎன் 50291-2 தரக்குறியுள்ள கார்பன் மோனாக்சைடு அலாரத்தைப் படுக்கும்போது தலை இருக்கும் உயரத்துக்கருகில் மாட்டி, மாதந்தோறும் அதன் பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். அந்த அலாரம் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு காலாவதியாகும். தேதி அதன் பின்புறம் இருக்கும். டீசல் ஹீட்டரை எப்போதும் சிம்மிலேயே எரியவிட்டால் உள்ளே கரி படியும். அவ்வப்போது கால் மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிடுங்கள்.

கேள்வி: மண் சாலைகளில் போய்வந்த பிறகு வண்டியில் ஏதேதோ சத்தம். மெக்கானிக் ஒன்றுமில்லை என்கிறார்.

அலை அலையாக மேடு விழுந்த மண் சாலையில் நூறு கிலோமீட்டர் ஓடிய வண்டியில், தளரக்கூடிய ஒவ்வொரு நட்டும் கொஞ்சமாவது தளர்ந்திருக்கும். சக்கரத்தில் தொடங்குங்கள். ஒருமுறை ஓய்வுக்காக நிறுத்தியிருந்தபோது, பின் சக்கரத்தின் ஒரு நட்டைச் சுற்றி மட்டும், விசிறி போல விரிந்த மெல்லிய துருக்கோடுகளைக் கண்டேன். மற்ற நட்டுகளின் மேல் புழுதி ஒரே சீராகப் படிந்திருந்தது. விரலால் தொட்டேன், நட்டு சுழன்றது. நட்டு தளர்ந்து தகட்டோடு உரசும்போது உண்டாகும் பொடிதான் அந்தக் கோடு. சக்கரத்தைக் கழற்றி மாட்டினால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்கிப் பார்ப்பதை அன்றிலிருந்து நான் தவறவிட்டதில்லை.

அடுத்து ஷாக் அப்சார்பரின் புஷ், கமான் பட்டைகளின் யூ போல்ட்டு, புரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ், பேட்டரியைப் பிடித்திருக்கும் பட்டை ஆகியவற்றைக் கையால் அசைத்துப் பாருங்கள். முன் அச்சின் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் தெறித்திருந்தால் உடனே மாற்றுங்கள். மணல் உள்ளே புகுந்தால் ஜாயின்டே போய்விடும். வண்டிக்குள், அலமாரித் திருகுகளைவிட ஒயர்களுக்கு முதலிடம் கொடுங்கள். தகட்டின் துளை வழியே செல்லும் ஒவ்வொரு ஒயருக்கும் ரப்பர் வளையம் இருக்கிறதா, எங்காவது உறை தேய்ந்து செம்பு தெரிகிறதா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். தீவிபத்துக்கு இதைவிட எளிய வழி இல்லை.

கேள்வி: சஸ்பென்ஷனை 5 சென்டிமீட்டர் உயர்த்துவது நல்லதா?

பின்பக்கம் அமுங்கியிருந்தால், உங்கள் உண்மையான எடைக்கேற்ற ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் போட்டு அசல் உயரத்தை மீட்டெடுங்கள்; பெரும்பாலும் அதுவே போதும். அதற்கு மேல் உயர்த்தினால், ஏற்கெனவே உயரமான வண்டியின் ஈர்ப்பு மையம் இன்னும் மேலே போகும். முன் அச்சின் ஜாயின்டுகள் கூடுதல் கோணத்தில் சுழன்று விரைவில் தேயும். தண்ணீர்த் தொட்டி, வடிகால் குழாய் என்று அடியில் தொங்குபவற்றை மேலே ஏற்றிக் கட்டினால், பாதைத் தடைகளைக் கடக்க அதே பயன் கிடைக்கும்.

கேள்வி: வேலை காரணமாக ஐந்து மாதங்களுக்கு வண்டியை எடுக்க முடியாது. எப்படி நிறுத்திவைப்பது?

நிறுத்துவதற்கு முன் அடிப்பகுதியை நன்றாகக் கழுவி, குறிப்பாகக் கடற்கரை மணலில் ஓடியிருந்தால் சட்டத்தின் உட்பகுதிகளிலும் தண்ணீர் பாய்ச்சி, ஒரு நாள் ஓட்டிக் காயவையுங்கள். டீசல் தொட்டியை நிரப்புங்கள். பாதி காலியான தொட்டியில் ஈரம் படியும். தண்ணீர்த் தொட்டி, குழாய்கள், மோட்டார் அனைத்தையும் வடித்து, எல்லாக் குழாய்களையும் திறந்தே வையுங்கள். லெட் ஆசிட் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து இணைப்பைக் கழற்றுங்கள். லித்தியமென்றால் பாதிக்குச் சற்று மேலே இருந்தால் போதும். டயரில் சற்றுக் கூடுதலாகக் காற்று ஏற்றி, மாதம் ஒருமுறை வண்டியை அரைச்சுற்று நகர்த்துங்கள். கைப்பிரேக்கைப் போடாமல் சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். போட்டு வைத்தால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். எலி புகாமல் இருக்க, ஒரு துணுக்கு உணவும் உள்ளே இருக்கக்கூடாது. குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்தே வையுங்கள்.

இவற்றில் எதையெல்லாம் கழற்றினீர்கள், எதையெல்லாம் திறந்து வைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங்கில் கட்டிவிடுங்கள். ஐந்து மாதம் கழித்துச் சாவியைப் போடுகிறவர் நீங்களாக இருந்தாலும், சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இருப்பது நினைவில் இருக்காது.